சிவனேசன் அவித்த புட்டும் ரோச் கிண்ணமும்

சிவனேசன் இந்தக் கதையை யார் வீட்டில் சொன்னாலும் புட்டிலிருந்துதான் தொடங்குவார். போன மாதம் ஹில்ஸ்பரோவில் தெரிந்த பெடியன் பிருந்தன் புதுவீடு குடிபுகுந்தபோதும் அப்படித்தான். சாப்பாட்டுக் கோப்பையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையால் ஆட்களைக் கிட்டக் கூப்பிட்டு, "அண்டைக்கு நான் அவிச்ச புட்டு இருக்கெல்லே..." என்று ஆரம்பித்துவிட்டார். அவருடைய மனைவி இராசமலர் பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் வாயைத் திறக்கவேண்டும் என்று தெரியாதா என்ன. தன் முறை வரட்டும் என்று இருந்தாள்.

உண்மையில் கதை புட்டில் தொடங்கவில்லை. தேத்தண்ணியில் தொடங்கியது.

இராசமலர் பாட்டனி டவுன்ஸில் ஓர் உடுப்புக் கடைக்கு மனேஜர். கலியாணவீட்டுக்குப் போட்டு, கழுத்துப் பட்டியில் பவுடர் அப்பிய சட்டையைக் கொண்டுவந்து, "போடவேயில்லை, காசைத் திருப்பித் தா" என்று கேட்கிறவர்களுக்கும் கிழமை முழுக்கச் சிரித்த முகத்தோடு பதில் சொல்கிற வேலை. மகள் லோஜனா வேலை கிடைத்து வெலிங்டனுக்குப் போன வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெற்கே வைக்காட்டோ ஆற்றங்கரையில் காரை நிறுத்திக் கால் நீட்டி நடந்தபோதுதான் அவர்களைக் கண்டாள். பெரிய குடைகளுக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நீளத் தூண்டில் தடியோடு இருந்தார்கள். மீனைப் பிடித்து, வலைக்கூடையில் விட்டு, கடைசியில் நிறுத்துப் பார்த்து, அப்படியே உயிரோடு ஆற்றுக்குள் திருப்பி விட்டார்கள். யார் கூடப் பிடித்தது என்பதுதான் போட்டி. ஒருவரும் சட்டி வைக்கவில்லை, பொரிக்கவில்லை. பரம்பரையாகச் சைவம் சாப்பிடுகிற இராசமலர் வாய் பிளந்து பார்த்தாள். அடுத்த மாதமே அவர்களுடைய தூண்டில் கழகத்தில் சேர்ந்துவிட்டாள்.

"சைவ வீட்டுக்குள்ள மீன் தடியோ?" என்று சிவனேசன் குதித்தார்.

"நான் திண்ணவே போறன்? பிடிச்சிட்டு விடுறன்."

"திண்ணுறதுக்குப் பிடிக்கிறவன் ஒரு நியாயம் சொல்லுவான். திண்ணாமல் பிடிக்கிறதுக்கு என்னப்பா நியாயம்?"

தூண்டில் நூலில் மிதக்கிற தக்கையின் சிவப்பு நுனி ஒருக்கால் நடுங்கி, சட்டென்று தண்ணீருக்குள் போகும்போது நெஞ்சுக்குள் ஒன்று துள்ளும். அது சந்தோசம். அதற்கு வேறு பெயர் தேடவேண்டிய தேவை இல்லை. உயிர்ப் புழுவை மட்டும் ஊசியில் குத்தமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பாண் ரொட்டித் துண்டுதான் அவளுடைய இரை. கழகத்துக்காரர் சிரித்தார்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று அவளும் பாணோடுதான் ஆறு வருசம் பிடித்தாள்.

கழகத்தில் முக்கால்வாசிப் பேர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வாயைத் திறந்தால் ரோச் மீன் கதைதான். அவர்களுடைய ஊர் ஆறுகளில் பிடிக்கிற, வெள்ளிச் செதிலும் சிவப்புக் கண்ணுமான சின்ன மீன். இந்த நாட்டு ஆறுகளில் ரோச் கிடையாது. அதற்குச் சித்தப்பா மகன் முறையான ரட் என்ற மீன்தான் உண்டு: பொன் நிற உடம்பு, சிவப்புச் செட்டை, மேல்நோக்கித் திறக்கிற வாய். ஆனாலும் வருசக் கடைசிப் போட்டியின் கிண்ணத்துக்கு அவர்கள் ரோச் கிண்ணம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் செய்கிற வேலைதானே என்று இராசமலருக்கு அது நன்றாக விளங்கியது.

விளங்காத விசயம் தேத்தண்ணி. போட்டியில் கடைசியாக வருகிறவர் மற்ற எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவேண்டும் என்பது கழக வழக்கம். முதல் வருசம் இராசமலர் அடிக்கடி கடைசியாக வந்தாள், ஊற்றினாள், நியாயம். ஆனால் மூன்றாவதாக வந்த நாளிலும் சுடுதண்ணிப் போத்தல் அவள் கைக்கே வந்தது. "நீ ஊற்றினால்தான் ருசி, டார்லிங்" என்பார் டெரெக். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கழகத்தில் பழைய ஆள், கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கூட எரிச்சல். கெட்டவனென்றால் முகத்துக்கு நேரே இரண்டு வார்த்தை சொல்லலாம்.

அந்த ஆறாவது வருசம் தெற்கே இருக்கிற இன்னொரு கழகத்துக்கு எதிராக ஐந்து பேர் கொண்ட அணி போகவிருந்தது. நாலு பேரைத் தெரிவுசெய்தாயிற்று. ஐந்தாவது இடத்துக்கு டெரெக், அல்லது இராசமலர். ரோச் கிண்ண நாளில் இரண்டு பேரில் யாருடைய மீன் நிறை கூடவோ அவர் அணியில். அதற்கு முந்தின இரண்டு வருசமும் "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அவளை ஓரங்கட்டியிருந்தார்கள்.

"இந்த முறையும் எடுபடேல்லையெண்டால் விட்டிடுறன்" என்று சிவனேசனிடம் சொன்னாள். ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஞாயிறுகளில என்னோட கோயில் மடைப்பள்ளிக்கு வரலாம். மூர்த்தி அண்ணை ஆள் காணாதெண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார்." அதாவது வாரத்தில் அவளுக்கென்று இருந்த ஒரேயொரு நாளும் வெங்காயம் உரிப்பதில் போய்விடும். சும்மா சொன்னேன் என்று பின்வாங்க இராசமலருக்கு மனம் வரவில்லை. ரோசக்காரி.

போட்டி நாள் விடிந்தது. சிவனேசன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபிறகு ஞாயிறு சமையல் அவருடையது. சிவப்பரிசி மாவில் நிறையத் திருவிய தேங்காய்ப்பூப் போட்டுப் புட்டு அவித்தார். மனைவிக்கு ஒரு பெட்டி, தான் கோயில் சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி. கூட்டத்துக்குச் சம்பல் வேறாக. இராசமலர் முதல் நாளே ஆற்றுத் தீனைத் தயார்பண்ணி ஒரு பெட்டியில் வைத்திருந்தாள். போட்டி தொடங்கியதும் மீன்களைக் கூட்டுவதற்குத் தண்ணீரில் எறிகிற தீன். காய்ந்த பாண் தூள், இடித்த பிஸ்கட், வறுத்து இடித்த கொத்தமல்லி. மற்றவர்கள் மீன்தூள் போடுவார்கள். அவள் போடமாட்டாள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். எங்களுடைய வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்த நாள் எது? சம்பல் இருக்கும், இடியப்ப மா இருக்கும், ஊசியும் நூலும் இருக்கும். அன்றைக்கு அந்தக் குசினி மேசையில் ஒரே அளவான, ஒரே நீல மூடி போட்ட மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகள் இருந்தன. காரில் சாமான் ஏற்றியவர் சிவனேசன்.

ஆற்றங்கரையில் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்தார்கள். இராசமலருக்கு வளைவில், கிளைகள் தண்ணீருக்குமேல் தொங்கிய ஒரு வில்லோ மரத்துக்குப் பக்கத்து இடம் விழுந்தது. அடுத்த இடம் டெரெக்குக்கு. விசில் ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, தீனை நனைப்போம் என்று பெட்டியைத் திறந்தாள். புட்டு. சாப்பாட்டுப் பையிலிருந்த மற்றப் பெட்டியைத் திறந்தாள். அதற்குள்ளும் புட்டு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"மலர்" என்றார் சிவனேசன், குரலைத் தாழ்த்தி. "புட்டு நல்லாக் காய்ஞ்சு போச்சப்பா. மூர்த்தி அண்ணைக்கு விக்கல் எடுத்திட்டுது."

"அது புட்டில்லை. மீனுக்குக் கலந்து வச்சது."

சிவனேசன் மிகவும் பயந்த குரலில், "உதுக்குள்ள மச்சம் கிடக்கோ?" என்று கேட்டார். கோயில் சபைத் தலைவரான மூர்த்தி அண்ணைக்குத் தன் கையால் மீன்தூள் பரிமாறிவிட்டேனோ என்ற பயம்.

"பாணும் பிஸ்கட்டும் கொத்தமல்லியும்தான். பயப்பிடாதேங்கோ."

"அப்பாடா." மூச்சு வந்தது. "அப்ப சரி. அண்ணை சம்பலோட ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிடுறார். வாசமா இருக்காம்."

"நான் இஞ்ச என்னத்தை எறியிறது?" என்று இராசமலர் கேட்டாள்.

"புட்டை எறிஞ்சிடாத மலர். முழுத் தேங்காய் திருவிப் போட்டது."

போனை வைத்துவிட்டாள். அவ்வளவு கோபம் அவளுக்கு அந்த மனிதர்மேல் வந்தது கிடையாது. ஆறு வருசப் பாடு, கடைசியில் ஒரு நீல மூடியால் போயிற்று. கோபத்தோடு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி புட்டை நசுக்கினாள். உருண்டையாகப் பிடிபட்டது. விரலால் தொட்டாள். உதிர்ந்தது. அவள் அப்படியே அசையாமல் இருந்தாள். பிடித்தால் பிடிபடவேண்டும், தொட்டால் உதிரவேண்டும்: ஆற்றுத் தீனுக்கு இந்தப் பதம் வரவேண்டும் என்றுதான் கழகத்துக்காரர்கள் வருசக் கணக்காக வாளிக்குள் மல்லுக்கட்டுகிறார்கள். அது இங்கே அடுப்பிலிருந்து இறங்கும்போதே வந்திருக்கிறது.

"சாப்பாட்டையா போடப் போகிறாய், டார்லிங்?" என்று டெரெக் பக்கத்திலிருந்து கேட்டார்.

"ஓம்" என்றாள் இராசமலர், தமிழிலேயே.

விசில் ஊதியது. எல்லாரும் செய்வதுபோல அவளும் பெரிய உருண்டைகளாகப் பிடித்து நடு ஆற்றில் எறிந்து, தூண்டிலை அடிமட்டத்துக்கு விட்டாள். ஒன்றும் இல்லை. டெரெக் ஒன்று எடுத்தார், இன்னொன்று எடுத்தார். இவள் தக்கை செத்ததுபோல நின்றது. நேரம் போகப்போகக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெங்காயம் உரிப்பதற்கு இப்போதே பழகுகிறேனாக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போதுதான் அதைக் கண்டாள். கையிலிருந்து சிந்திய தேங்காய்ப்பூ, தாழாமல், வில்லோ மர நிழலுக்குக் கீழே மெல்ல மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது. அது போன வழியில் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு பொன் முதுகு புரண்டது. பக்கத்தில் இன்னொன்று.

மடைச்சி, என்று நினைத்தாள். வாய் மேல்நோக்கி இருக்கிற மீனுக்கு ஏன் அடியில் இலை போடுகிறாய்?

நூலில் தக்கையை ஊசிக்குக் கிட்ட இறக்கினாள். ஊசி இப்போது ஒரு முழ ஆழத்தில்தான் நின்றது. உருண்டை பிடிப்பதை விட்டாள். மூன்று விரலால் ஒரு சிட்டிகைப் புட்டு எடுத்து, மேல் நீரோட்டத்தில் தூவினாள். அது மரநிழலுக்கு வந்து சேருகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, பாண் துண்டு கோத்த ஊசியையும் அதோடு கூடவே வரவிட்டாள். சிவப்பு நுனி நடுங்கியது. போய்விட்டது. தடியைத் தூக்கினாள். கனம்.

முதல் ரட். உள்ளங்கை அகலம், செட்டை குங்குமச் சிவப்பு. கும்பிட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. சிட்டிகை, ஊசி, தக்கை, மீன். அதிகம் தூவினால் மீன் வயிறு நிரம்பிப் போய்விடும், குறைத்தால் கலைந்துவிடும். வெயில் ஏறியபோது மரநிழல் நகர்ந்தது. மீனும் நகர்ந்தது. அவளும் தூவுகிற இடத்தை மாற்றினாள். டெரெக் இந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். டார்லிங் என்ற சொல் அதற்குப் பிறகு வரவில்லை.

மத்தியானமாகியது. காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. முதல் பெட்டி முடிந்து, சாப்பாட்டுப் பெட்டியும் பாதிக்கு வந்துவிட்டது. தேங்காய் வாசம் மூக்கில் ஏற, ஒரு வாய் போட்டால் என்ன என்று மனம் கிடந்து அடித்தது. கையைப் பார்த்தாள். மீன் வழுவழுப்பும் செதிலும். சைவக்காரி இந்தக் கையை வாயில் வைக்கலாமா? பேசாமல் அடுத்த சிட்டிகையைத் தூவினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சிவனேசன். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு நீல மூடிப் பெட்டி. ஆறு வருசத்தில் அவர் இந்த ஆற்றுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. செய்த வேலைக்கு வீட்டில் இருக்க முடியாமல் வந்திருக்கிறார். மூடியை அவர் திறந்தபோது இராசமலர் எட்டிப் பார்த்தாள். சர்க்கரைப் பொங்கல்.

"சாப்பிடு."

"கை மீன். இப்ப நிப்பாட்டவும் ஏலாது. சத்தம் போடாமல் இருங்கோ."

சிவனேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லில் குந்தினார். ஒரு வாய் பொங்கலை உருட்டி அவள் வாயருகே நீட்டினார். இராசமலர் கண்ணைத் தக்கையிலிருந்து எடுக்காமலே வாயைத் திறந்தாள். வாய்க்குள் பொங்கல் இருக்கும்போதே தக்கை போயிற்று, மீன் வந்தது. அடுத்த வாய், அடுத்த மீன். ஆற்றங்கரை முழுக்க வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கலியாண நாளிலும் ஊட்டிவிடக் கூச்சப்பட்ட மனிதர் ஊட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ இவ்வளவு கெட்டிக்காரி எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும் வந்து சொன்னனான். நீங்கள் கிரிக்கெட் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

சிவனேசன் சாப்பாட்டுப் பெட்டியில் மிஞ்சியிருந்த புட்டை மூலையிலிருந்து வழித்து, "இந்தா, கொஞ்சம் கிடக்கு. இதையும் போடு" என்றார். முழுத் தேங்காய் திருவிப் போட்டது என்று அப்போது அவர் சொல்லவில்லை.

விசில் ஊதியது. தராசைத் தூக்கிக்கொண்டு கழகச் செயலாளர் ஒவ்வோர் இடமாக வந்தார். எல்லாரும் கூடவே நடந்தார்கள். டெரெக்கின் வலைக்கூடை நாலரைக் கிலோ நின்றது. அதுவரைக்கும் அதுதான் உச்சம். ஆட்கள் கை தட்டினார்கள், முதுகில் தட்டினார்கள். டெரெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இராசமலர் தன் கூடையைத் தண்ணீரிலிருந்து தூக்கப் பார்த்தாள். வரவில்லை. சிவனேசன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். மீனென்றால் மூக்கைப் பொத்துகிற மனிதர், வேட்டி நனைய நனையப் பிடித்தார். கூடைக்குள் மீன்கள் பொன்னும் சிவப்புமாகத் தீக்கொழுந்துபோலத் துள்ளின. தராசு ஆறு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. செயலாளர் நம்பாமல் இறக்கிவிட்டு இன்னொரு முறை தூக்கினார். ஆறு கிலோவும் சொச்சமும்தான்.

அணியில் இடம் மட்டும் இல்லை, ரோச் கிண்ணமும் அவளுக்குத்தான். டெரெக் தொப்பியைக் கழற்றி, கையை நீட்டி, "நன்றாகப் பிடித்தாய், மலர்" என்றார். அவருக்குத் தன் பெயர் தெரியும் என்பதே இராசமலருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. கூடையைச் சரித்து மீன்களை ஆற்றுக்குள் விட்டாள். சிவப்புச் செட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மரநிழலுக்குள் போய் மறைந்தன. அழுகை வந்தது. அழுதாள். ஒளிக்கவில்லை.

அப்போது பாருங்கள், யாரோ ஒருவர் பழக்க தோசத்தில் சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார். இராசமலர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்றைக்குக் கடைசியாக வந்தது யார்?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டாள்.

மேல்கரையில் இருந்த ஒரு மனிதர் முகம் சிவந்து முன்னுக்கு வந்து போத்தலை வாங்கிக்கொண்டார். முதல் கோப்பை இராசமலருக்கு வந்தது. சாயமும் காணாது, சீனியும் காணாது. அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பிருந்தன் வீட்டில் சிவனேசன் இந்த இடத்தில் கதையை முடித்தார். வழக்கம்போல, கிண்ணம் இப்போது தங்கள் வீட்டுச் சாமியறைக்கு வெளியே எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லி முடித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சபைத் தலைவர் விநாயகமூர்த்தி, அந்தக் கொத்தமல்லிப் புட்டு இன்னொருக்கால் கிடைக்குமோ என்று கேட்டார்.

"அப்ப அன்ரி" என்றான் பிருந்தன், "அங்கிள்ட புட்டு இல்லாட்டி கப் இல்லை. அப்பிடித்தானே?"

சிவனேசன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். இராசமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய முறை வந்துவிட்டது.

"டெரெக்கும் அப்பிடித்தான் நினைச்சவர்" என்றாள். "எப்பிடி அவிக்கிறதெண்டு கேட்டார். நான் ஒண்டும் ஒளிக்கேல்ல, எல்லாம் சொல்லிக் குடுத்தன். அங்கிள் தன்ர கையாலயே ஒரு பெட்டி அவிச்சும் குடுத்தவர். அதே மா, அதே தேங்காய். அடுத்த போட்டிக்கு என்ர அந்த மரத்தடி இடமும் அவருக்குத்தான் விழுந்தது. நான் வெறும் பாண் தூளோட வெயிலுக்க இருந்தன்."

"பிறகு?"

"பிறகென்ன. நான் முதலாவது" என்றாள் இராசமலர். "அவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினவர்."